சேலாற்றில் மீன் ஏறும் காலம்

சேலாறு வற்றிப்போன மூன்றாம் வருசத்து ஆடியில், ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கலாமென்று குடங்களோடு ஆற்றுக்குள் இறங்கிய ஏழுமடைப் பெண்கள், மணலுக்கு மேலே இடுப்புயரத்தில் கெண்டைகள் கூட்டங்கூட்டமாக மேற்கே போய்க்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் தண்ணீர் ஓடினால் எப்படி ஏறுமோ அப்படியே, வாலை வீசி, பாறைக்குப் பின்னால் சற்று நின்று இளைப்பாறி, மறுபடி எதிரேறிப் போயின. கெண்டைக்குப் பின்னால் கெளுத்தியும், கெளுத்திக்குப் பின்னால் ஆரலும், எல்லாவற்றுக்கும் கடைசியில், விசேஷ வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் பிந்தி வருவதுபோலக் கரிய விரால்களும் வந்தன. பெண்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்த வருசம் கொஞ்சம் பிந்திவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். போன வருசம் வரவேயில்லையே என்று இன்னொருத்தி சொன்னாள். பிறகு குனிந்து ஊற்றைத் தோண்டினார்கள்.

சொர்ணவடிவு மட்டும் இடுப்பிலிருந்த குடத்தை இறக்காமல் மீன்கள் போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திசையில்தான் அவள் புருசன் போயிருந்தான்.

அவள் புருசன் பலவேசம் ஏழுமடையின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் அவன் பாடு. ஆறு நின்றுபோனபோது ஊரே அவனைத்தான் கேட்டது. தண்ணீரை அவன்தான் எங்கோ மடக்கி வைத்திருக்கிறான் என்பதுபோல, விடிந்ததும் வாசலில் வந்து நின்று கேட்டது. கேட்டுக் கேட்டு அவன் சோறு இறங்காமல் ஆனான். ஒருநாள் காலையில் கட்டுச்சோறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, ஒரு எட்டு மேலே போய் என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வடிவிடம் சொல்லி, கரையேறாமல் ஆற்றின் நடுமணலிலேயே மேற்கே நடந்து போனான். திரும்பவில்லை. காட்டு எல்லை வரைக்கும் ஆட்கள் போய்த் தேடினார்கள். யானை அடித்திருக்கும் என்றார்கள், மலைக்கு அந்தப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்திருப்பான் என்றார்கள். வடிவு பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே முகம் வைத்து உட்கார்ந்து பீடி சுற்றினாள்.

அதனால் மீன்கள் வந்த அன்று ஊருக்குக் கிடைத்தது குழம்பு, அவளுக்குக் கிடைத்தது வேறு. இவை அவன் போன வழியே போகின்றன, அவன் இருக்கும் இடம் வரைக்கும் போகலாம், போனால் பார்க்கலாம் என்று அவளுக்குப் பட்டது. புரட்டாசியில் அவை மெலிந்து, செதில் உரசி, கிழக்கே திரும்பி வந்தபோது அவள் ஆற்று நடுவில் நின்று ஒவ்வொரு மீனின் கண்ணையும் குனிந்து பார்த்தாள். மீனின் கண்ணில் என்ன தெரியும்? இருந்தாலும் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் மீன் தின்பதை விட்டுவிட்டாள்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. அந்த மீன்களுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பாலத்துத் தூணில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறைக்கு மேலே அவை எழும்புவதில்லை, கரை தாண்டி ஊருக்குள் வருவதில்லை. கையில் பிடித்துக் கரையேறினால் எந்த மீனையும்போல வாய் பிளந்து துடித்துச் செத்தன. அக்கரைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர்கள் கூட்டம் கடக்கும்வரை நின்று போனார்கள். மீன்கொத்திகள் பழைய வழக்கத்தில் மேலிருந்து பாய்ந்து மணலில் அலகைக் குத்திக்கொண்டு, இரண்டொரு வருசத்தில் பக்கவாட்டில் பாயக் கற்றன. மீன் சம்பந்தமான அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, தண்ணீரில் இல்லாத மீன் தங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிப் போனார். பறவைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்காரர், இறகு இல்லையே என்று சொல்லிப் போனார். சாஸ்தா கோயில் பூசாரி, வந்ததை ஏன் என்று கேட்கக்கூடாது, போனதைத்தான் கேட்கவேண்டும் என்றார். அது எல்லோருக்கும் சரியென்று பட்டது.

பிடித்தார்கள். வயல் காய்ந்து கிடக்கும் ஊரில், கண்ணெதிரே இடுப்புயரத்தில் போகும் மீனைப் பிடிக்காமல் என்ன செய்வார்கள்? கொசுவலையைக் கட்டிப் பிடித்தார்கள், சேலையை விரித்துப் பிடித்தார்கள். சினைமீனுக்கு ருசி அதிகம் என்று வயிறு தள்ளியதையாகப் பார்த்துப் பிடித்தார்கள், விரல் நீளக் குஞ்சுகளை அள்ளிக் கூரையில் கருவாடு போட்டார்கள். முதல் வருசம் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஏறிய மீன், பிறகு காலை வெயிலோடு நின்றது, பிறகு எண்ணிவிடலாம் என்று ஆனது. ஓர் ஆடியில் மீன்களுக்காகக் காத்து நின்ற ஊர், வெறும் மணலில் காற்று ஊதுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது. தண்ணீர் போன துக்கத்தில் பாதியை மீன்கள் வந்து ஏற்றுக்கொண்டிருந்தன. மீனும் போனால் மறுபடி முழுச்சுமையையும் ஊரே தூக்கவேண்டும்.

அந்த வாரம் சாஸ்தா கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காத வடிவு எழுந்து, சினையோடு ஏறும் மீனைத் தொடவேண்டாம் என்றும், ஒரு சாணுக்குக் குறைந்ததை விட்டுவிடலாம் என்றும், முட்டைக்குக் காவல் நிற்கும் மீனை யாரும் எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடாது என்றும் சொன்னாள். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சரி என்று எழுந்து போனார்கள்.

அடுத்த ஆடியில் கொஞ்சம் கெண்டை வந்தது. விரால் ஒரே ஒரு சோடிதான் வந்தது. மேலே போன சோடி சீக்கிரமே திரும்பி வந்து, வடிவு வீட்டுக்குப் பின்னால் ஆற்றில், ஒரு காலத்தில் ஆள் மூழ்கும் ஆழமாயிருந்த கோரைமடுவில் தங்கியது. கோரைத் தூர்களை வாலால் விலக்கி, தாம்பாளம் அகலத்துக்கு ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, முட்டையிட்டது. மணலுக்கு முழங்கால் உயரம் மேலே, கோரைகளுக்கு நடுவில், மஞ்சள் முட்டைகள் பாசிமணிக் குவியல்போல மிதந்தன. தாய் கிழக்கே போய்விட்டது. தகப்பன் நின்றது.

வடிவு பீடித்தட்டை மடுக்கரைக்குக் கொண்டுபோனாள். அந்த விரால் எதையும் தின்னவில்லை. முட்டைக்குக் கீழே நின்று செவுளோரத்துத் துடுப்புகளை ஓயாமல் அசைத்து, முட்டைகளின்மேல் மெல்லிய காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது. காக்கை இறங்கினால் பாய்ந்து விரட்டியது. பூனையை விரட்டச் சற்றுத் தள்ளிப் போய்வந்த நேரத்துக்குள் ஓரத்து முட்டைகள் சில வெளுத்து மணலில் உதிர்ந்ததை வடிவு பார்த்தாள். அதன்பிறகு அது தள்ளிப் போகவில்லை. நாளுக்கு நாள் அதன் முதுகு மெலிந்தது. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் இப்படி நிற்க என்று அவள் நினைத்தாள். நினைத்தபோது மீனின்மேல் பாசமும், இன்னொருவன்மேல் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன.

பலவேசத்தின் தம்பி மாசானம் பக்கத்துத் தெருவில் இருந்தான். அந்த ஆடியில் அவன் மகளுக்குத் தலைஆடி. புது மாப்பிள்ளை தளவாய் விருந்துக்கு வந்திருந்தான். சம்பந்தி வீட்டில் மாசானத்துக்கு இலை கொள்ளாமல் பரிமாறியிருந்தார்கள். மகளை விட்டுவரும்போது சம்பந்தியம்மா, உங்கள் ஊரில் விரால் காற்றிலேயே ஓடுகிறதாமே என்று சிரித்துச் சொல்லியிருந்தாள். அந்தச் சொல் அவனை அரித்தது. முட்டையிட்டாகிவிட்டது, இனி அந்த மீனுக்கு அங்கே என்ன வேலை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, வடிவு பீடிக்கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவை எடுத்துப் போய் அதன்மேல் கவிழ்த்தான். மற்ற மீனென்றால் விலகி ஓடியிருக்கும். இது ஓடவில்லை. அதனால் பிடிப்பது சுலபமாக இருந்தது.

வடிவு திரும்பி வந்தபோது மடுவில் காக்கைகள் இறங்கியிருந்தன. முட்டைக் குவியலின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்த பீடித்தட்டைக் கவிழ்த்து, இலையும் தூளும் மணலில் கொட்ட, முட்டைகளுக்குக் கீழே அதைப் பிடித்து விசிறத் தொடங்கினாள். வேகமாக விசிறினால் முட்டைகள் சிதறின, மெதுவாக விசிறினால் வெளுத்தன. அந்த மீனின் துடுப்பு எப்படி அசைந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்து, அந்த அளவுக்குக் கையை அடக்கினாள். வெளுப்பது நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி ஊருக்குள் போனது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த தளவாயின் காதிலும் விழுந்தது. அவன் கழுவின கையைத் துடைக்காமலே, பனையோலை விசிறி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, மாமியார் கூப்பிடக் கூப்பிட மடுவுக்கு வந்து, வடிவுக்கு எதிரே மண்டியிட்டான். தின்றது நான்தான் என்று மட்டும் சொன்னான். வடிவு அவனுக்குக் கையின் அளவைக் காட்டிக் கொடுத்தாள்.

பின்னாலேயே மாசானமும் வந்தான். கரையில் நின்றான். இறங்கவில்லை.

"மதினி, முட்டைதான் போட்டாச்சே, இனி அதுக்கு அங்க என்ன சோலின்னு நெனச்சிட்டேன்."

"நிக்கதுதான் அதுக்குச் சோலி," என்றாள் வடிவு.

அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக வந்தார்கள். முறத்தோடு வந்தார்கள், காலண்டர் அட்டையோடு வந்தார்கள், கோயிலிலிருந்து வெண்சாமரத்தைக்கூடப் பூசாரி எடுத்துவந்தார். ஆனால் வடிவு யாரையும் நம்பி எழுந்திருக்கவில்லை. தளவாய் விசிறும்போது மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கண்ணை மூடினாள். யாராவது கஞ்சி கொண்டுவந்தால் இடது கையால் வாங்கிக் குடித்தாள். மஞ்சள் முட்டைகளுக்குள் கரும்புள்ளிகள் தெரியத் தொடங்கின. அவை கண்கள் என்று தெரிந்ததும் ஊர் குரலைத் தாழ்த்திப் பேசியது. விருந்து முடிந்து ஊருக்குப் போகவேண்டிய தளவாய் போகவில்லை. அவன் மனைவி தெருவிலிருந்து சோறு கொண்டுவந்து அவனுக்கு அங்கேயே ஊட்டினாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, மலைக்குப் போய்வரும் பஸ் பாலத்தின்மேல் நின்றது. கண்டக்டர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வடிவைக் கூப்பிட்டார். மேலே ஆற்றை மறித்து, தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடும் பெரிய சுவர் ஒன்று இருக்கிறது என்றும், அதற்கு ஒரு காவல்காரன் இருக்கிறான் என்றும், ஏழுமடைப் பக்கம் மழை உண்டா என்று கீழேயிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் கேட்கிறான், பெயர் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது என்றும் சொன்னார். நாளையோடு அவனை வேறு எங்கோ மாற்றுகிறார்களாம். பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ் இன்னும் சற்று நேரத்தில் எதிர்த்திசையில் மலைக்குப் போகும்.

மண்வெட்டி தெறித்து விழுந்த தழும்பு அது. வடிவுதான் மஞ்சள் அரைத்துப் பூசினாள்.

அவள் எழுந்தாள். எழுந்ததும் கை நின்றது, கை நின்றதும் ஓரத்தில் நான்கைந்து முட்டைகள் வெளுத்தன. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். தளவாய் அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். கரையில் இருந்தவன், வந்த நாளிலிருந்து தினமும் வந்து கரையிலேயே நின்றுகொண்டிருந்த மாசானம் ஒருவன்தான். அவன் இறங்கி வந்தான். கையை நீட்டினான்.

"எங்கிட்ட குடுங்க மதினி. அண்ணனப் போயிப் பாருங்க."

வடிவு அவனைப் பார்த்தாள். அந்தக் கை ஊத்தாவைக் கவிழ்த்த கை. தூரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

"கண்ண எடுத்தா வெளுத்துரும்."

"எடுக்க மாட்டேன்."

அவள் தளவாயின் ஓலை விசிறியை அவன் கையில் வைத்து, தன் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சில தடவை அசைத்துக் காட்டி, விட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் பாலத்துக்கு ஓடினாள்.

சுவர் அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. அதன் இந்தப் பக்கம் காய்ந்த மணலும், அந்தப் பக்கம் கண்ணெட்டும் தூரத்துக்குத் தண்ணீரும் இருந்தன. சுவரடியில் ஒரு கல்லின்மேல், காக்கி உடுப்பு தொளதொளக்க, தலை முழுக்க நரைத்துப்போய் பலவேசம் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான், முதலாளியைக் கண்டதுபோல. வடிவுக்கு என்னென்னவோ கேட்கவேண்டும் என்று இருந்தது. அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு பேசினான். தண்ணீரை விடச்சொல்லிக் கேட்கத்தான் வந்தான். அதிகாரிகள் வரட்டும் என்றார்கள், காத்திருந்தான். காத்திருந்தவனுக்குப் பசித்தது. காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவர்கள் வரும்வரைக்கும் என்று நின்றான். அப்படி ஒருநாள், அப்படி ஒரு மாசம். ஊர்த் தண்ணீரை மறித்த சுவருக்கே காவல் நின்று தின்ற சோற்றோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று முதல் வருசம் கூசினான். பிறகு, இத்தனை நாள் போகாதவன் இனி எப்படிப் போவது என்று கூசினான்.

ஆடி மாசம் மட்டும் கொஞ்சம் ஆறுதல் என்றான். கீழேயிருந்து மீன்கள் வரும். சுவரில் முட்டும், முட்டி நின்று பார்க்கும். நம் ஊர் வழியாக வந்தவை என்று அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பான். ஏழுமடை மணல் வாசனை அவற்றின்மேல் இருக்கும்.

இங்கே இவனும் அங்கே அவளும் ஒரே மீன்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"முட்டிட்டு என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"திரும்பிப் போயிரும்."

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவன் நிமிரவில்லை. அவள் கைநீட்டி அந்தப் புருவத்தைத் தொட்டாள். அழைத்தால் வருவான் என்றும், அழைத்து வந்தவன் ஊர் எல்லையிலேயே தலைகுனிந்து நின்றுவிடுவான் என்றும் அவளுக்குத் தோன்றியது. அதனால் அழைக்கவில்லை. மடுவில் முட்டை கிடக்கிறது, நான் போகவேண்டும் என்றாள். கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை இறங்கும்வரை, சத்தமில்லாமல் அழுதாள்.

மடுவுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் விட்டுப்போன இடத்திலேயே மாசானம் இருந்தான். சுற்றிலும் ஊர் உட்கார்ந்திருந்தது. ஒருவர் காக்கை விரட்ட, ஒருவர் அவன் வாயில் தண்ணீர் ஊற்ற, அவன் மட்டும் விசிறியை யாரிடமும் கொடுக்கவில்லை. கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முட்டைகள் இல்லை. வடிவு குனிந்தாள். பிறகு பார்த்தாள். விசிறிக்கு மேலே, கோரைகளுக்கு நடுவில், செம்பருத்தித் தூள் தூவினதுபோலச் சிவப்பாக ஒரு புகை சுழன்றுகொண்டிருந்தது. குஞ்சுகள்.

"அண்ணன் வரலயா மதினி?" என்று மாசானம் கேட்டான்.

"இருக்காவ," என்றாள் அவள்.

அந்தச் சிவப்புப் புகை ஒரு பந்தாகச் சேர்ந்து, மடுவைச் சுற்றி, ஆட்களின் முழங்கால்களுக்கு இடையே புகுந்து புகுந்து விளையாடி, விசிறியின் காற்றைத் தகப்பனென்று நினைத்து அதன் பின்னாலேயே போனது. ஊர் நாள்தோறும் முறை வைத்து விசிறியோடு அதற்கு முன்னால் நடந்தது. குஞ்சுகளின் சிவப்பு மங்கிக் கறுப்பு ஏறியபின், ஒரு காலையில் அவை விசிறியை விட்டு விலகிக் கிழக்கே போயின. பாலத்துக்குக் கீழே மறையும்வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள். தளவாய் அன்றுதான் மனைவியோடு ஊருக்குக் கிளம்பினான்.

சேலாற்றில் இன்றுவரை தண்ணீர் வரவில்லை. ஆனால் மறு ஆடியில் கெண்டை நிறைய ஏறியது, கடைசியில் விரால்கள் சோடி சோடியாக வந்தன. கோரைமடுவில் ஒன்று முட்டையிட்டு, அதன் தகப்பன் காவல் நின்றது. இந்த முறை யாரும் விசிறவேண்டியிருக்கவில்லை. காக்கைக்கும் பூனைக்கும் மட்டும் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் இருந்தார்கள். நீர்பாய்ச்சி இல்லாத ஊரில், தண்ணீர் முறை போய் மீன் முறை வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

வடிவு வீட்டு முறை வந்த அன்று, அவள் மேற்கே முதுகு காட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மேற்கே பார்ப்பதை அவள் விட்டிருந்தாள். கேட்டவர்களிடம் கண் வலிக்கிறது என்று சொன்னாள். அப்போது மணலில் காலடிச் சத்தம் கேட்டது. கரைவழியே வருகிறவர்களின் சத்தம் வேறு. இது ஆற்றின் நடுவே நடந்து வரும் சத்தம். அவள் திரும்பவில்லை. காலடி நெருங்கி வந்து மடுவுக்கு அந்தப் பக்கம் நின்றது. காக்கி உடுப்பு இல்லை. எங்கோ வாங்கிய புது வேட்டி, மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றது. விரால் அவனைப் பார்த்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, பிறகு முட்டைக்குத் திரும்பியது. அவன் மெல்லக் குந்தினான். இரண்டு பேருக்கும் நடுவில் மஞ்சள் முட்டைகள் மிதந்தன.

கட்டிக்கொண்டிருந்த பீடியை முடித்து நுனியை மடக்கி, தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"காக்கா வரும். பாத்துக்கிடுங்க," என்றாள். "நான் போயி சோத்துக்கு ஒலை வைக்கேன்."